பொத்தானை அழுத்தாமலே மனம் அடங்குவது எப்படி?

ஐப்பசி பிறந்தும் மேகம் திரளவில்லை என்றால் கரிசல் பூமியான வீரசோழன் பக்கத்து மானாவாரிக்காரருக்கு வயிற்றில் புளி கரைக்கும். மழையைக் கூப்பிட முடியாது. ஆனால் மிளகாயா, பருத்தியா, குதிரைவாலியா என்று முடிவெடுப்பது தன் கையில் இருந்தால் பதற்றம் கொஞ்சம் இறங்கும். ஏன்?

1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிளாஸ், சிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஆட்களைக் கடும் இரைச்சலில் உட்காரவைத்தார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும் சத்தத்தை நிறுத்த ஒரு பொத்தான் உண்டு. பெரும்பாலோர் அதைத் தொடவே இல்லை. இரு பிரிவினரும் கேட்டது ஒரே இரைச்சல்தான். ஆனாலும் பிறகு கொடுத்த கடினமான புதிர்களில், பொத்தான் இருந்தவர்களே சலிக்காமல் முயன்றார்கள். எனக்கு இது இன்றும் வியப்பு: வேண்டுமானால் நிறுத்தலாம் என்ற நினைப்பே வேலை செய்திருக்கிறது!

அப்போது மூளைக்குள் நடப்பதை எலிகள் காட்டின. மின்னதிர்ச்சியைத் தானே நிறுத்த முடிந்த எலியில், மூளைத்தண்டிலிருந்து எழும் பதற்றத்தை நெற்றிப்பக்க மூளை அடக்கியது. மையர் என்ற ஆய்வாளரின் குழு 2005-இல் இதை வெளியிட்டது. நிறுத்த வழியே இல்லாத எலி துவண்டுபோனது.

கடன் கொடுப்பவரே இன்ன விதைதான் போட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், கரிசல் விவசாயியிடம் மிஞ்சியிருக்கும் அந்த ஒரு பொத்தானையும் பிடுங்குகிறார். அதை நான் எதிர்க்கிறேன்.