குன்றுகளில் நடந்து காணும் வரலாறு

தைப்பூசத்தையொட்டி ஆண்டுதோறும் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி இரதம் புறப்படுகின்றது. அதனைப் பின்தொடர்ந்து பல்லாயிரவர் பத்துமலை வரை நடந்து சென்று, 272 படிகளையும் ஏறுகின்றனர். தமிழகத்தில் பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் மக்கள் பல நாள் நடந்து செல்வதை நாம் அறிவோம். ஐரோப்பாவில் பிரான்சு நாட்டின் எல்லை மலைகளிலிருந்து ஸ்பெயின் நாட்டின் சந்தியாகோ நகர் வரை ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தூரம் மலையும் மேடும் கடந்து நடப்போர் பலர். அவர்கள் வழியெங்கும் பழைய சிற்றூர்களையும் தேவாலயங்களையும் கண்டு, அவற்றின் வரலாற்றைக் கேட்டறிந்து செல்கின்றனர்.

நம் மக்களுக்கு நடப்பது புதிதன்று. இருளிலேயே எழுந்து, பிரட்டு முடிந்து, மேடு பள்ளம் பாராது நிரை நிரையாக நடந்து பால் வெட்டியவர்கள் நாம். எனினும், நாம் வாழும் இடத்தின் வரலாற்றை அறிவதற்கென்று நடக்கும் வழக்கம் நம்மிடையே குறைவு. கிள்ளான் பள்ளத்தாக்கில் அத்தகைய நடைக்கு ஏற்ற இடங்கள் பல உள்ளன. அவற்றுள் நான்கினை இங்கு விளக்குவோம்.

இவ்விளக்கம் இன்று தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. 1950களில் எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்ட நிலத்தில் பெட்டாலிங் ஜெயா எழுந்தது. 1976ஆம் ஆண்டு முதல் சீஃபீல்டு தோட்டத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. அதற்குப் பின்னரும் பல தோட்டங்கள் நகரங்களாயின. தோட்டம் நகரமாகும்போது லயங்கள் மறைகின்றன, பால்மரங்கள் வீழ்கின்றன. கோயில், தேவாலயம், பள்ளிக்கூடம், சில மரங்கள் ஆகியவை மட்டுமே சில இடங்களில் எஞ்சி நிற்கின்றன. அவற்றை அடையாளம் காட்ட வல்ல முதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே நாம் அவற்றைக் கண்டறிதல் வேண்டும்.

புக்கிட் நானாஸ்

கோலாலம்பூரின் நடுவே உயர்ந்து நிற்கும் குன்று புக்கிட் நானாஸ் ஆகும். 1906ஆம் ஆண்டில் வனக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. அன்றிருந்த பரப்பில் ஒரு பகுதியே இன்று எஞ்சியுள்ளது. ஆயினும், சாலை ஓசையிலிருந்து சில நிமிட நடையிலேயே நாம் பழங்காட்டின் நிழலுக்குள் புகுந்துவிடலாம்.

குன்றின் உச்சியில் 421 மீட்டர் உயரமுள்ள கோலாலம்பூர்க் கோபுரம் நிற்கின்றது. அதன் அருகே முதிர்ந்த ஜெலுத்தோங் மரம் ஒன்று உண்டு. 1990களில் கோபுரம் கட்டப்பட்டபோது அம்மரத்தை வெட்டாமல், பொருட்செலவு செய்து தடுப்புச் சுவர் எழுப்பிக் காத்தனர். ஜெலுத்தோங்கும் பால் தரும் மரமே. மெல்லும் மிட்டாய் செய்வதற்கு அதன் பால் முன்னாளில் பெரிதும் பயன்பட்டது. பால்மரத்தோடு வாழ்ந்த நம் மக்கள் அதனைப் பிள்ளைகளுக்குக் காட்டி விளக்குவது சிறப்பாகும்.

இக்குன்றின் சரிவில் புனித யோவான் பேராலயம் அமைந்துள்ளது. 1883ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுக் குருவான லெத்தெசியர் அடிகளார் இங்குக் கத்தோலிக்கப் பணியைத் தொடங்கினார். அக்காலக் கோலாலம்பூர், ஈயச் சுரங்கத் தொழிலாளர் நிறைந்த சிற்றூராக இருந்தது. 1955ஆம் ஆண்டில் கோலாலம்பூர் தனி மறைமாவட்டமாயிற்று; அதன் முதல் ஆயராக டொமினிக் வெண்டர்கோன் பொறுப்பேற்றார். பேராலயத்தை அடுத்து, 1904இல் தொடங்கப்பட்ட செயின்ட் ஜான் பள்ளியின் செங்கல் கட்டடம் கம்பீரமாக நிற்கின்றது. வழிபாட்டிடமும் கல்விச்சாலையும் அடுத்தடுத்து எழுந்தமை கவனிக்கத்தக்கது. தோட்டங்களிலும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் அவ்வாறே அருகருகே அமைந்ததை நாம் கண்டிருக்கின்றோம்.

பிரிக்பீல்ட்ஸ்

புக்கிட் நானாஸிலிருந்து இறங்கி, நகரின் தென்மேற்கே சென்றால் பிரிக்பீல்ட்ஸ் வரும். செங்கற்களங்கள் இருந்தமையால் இவ்விடம் அப்பெயர் பெற்றது. 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூர் முதலில் தீயாலும் பின்னர் வெள்ளத்தாலும் பெருஞ்சேதமுற்றது. அதற்குமுன் வீடுகள் பெரும்பாலும் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆனவை. அடுத்த ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லும் ஓடும் கொண்டு எழுப்புமாறு பணித்தார். அத்தேவைக்காகக் கப்பித்தான் யாப் ஆ லோய் இங்குச் செங்கற்சூளைகளை அமைத்தார். பின்னர் ரயில்வே வந்தது. அதனோடு தமிழகத்துத் தொழிலாளரும் இலங்கைத் தமிழ் எழுத்தர்களும் வந்து குடியேறினர்.

வெவ்வேறு சமயத்தார் அருகருகே கட்டிய வழிபாட்டிடங்களை இங்கு அரைநாள் நடையில் கண்டுவிடலாம். சிங்கள மக்கள் 1894இல் சங்கம் நிறுவி எழுப்பிய பௌத்த விகாரையும், இலங்கைத் தமிழர் நிறுவிய ஸ்ரீ கந்தசுவாமி கோயிலும், 1904இல் நிறுவப்பெற்ற விவேகானந்தா ஆசிரமமும், அதே 1904இல் எழுந்த, கூர்வளைவுச் சன்னல்களைக் கொண்ட புனித ஜெபமாலை மாதா தேவாலயமும் அவற்றுள் சில. சற்றே தள்ளிப் புடு வட்டாரத்தில் புனித அந்தோணியார் தேவாலயம் உள்ளது. 1910ஆம் ஆண்டில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுந்த ஆலயம் அது.

பிரிக்பீல்ட்ஸின் பெருஞ்சாலை துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் பெயரைத் தாங்கியுள்ளது. அந்தப் பெயர்ப் பலகையின் முன் தோட்ட மக்கள் சற்று நிற்பது தகும். வெள்ளையர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுப் பாட்டாளிகள் வேலையும் வீடும் இழந்த காலத்தில், 1960ஆம் ஆண்டு அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்வெட்டுத் தொழிலாளர் தம் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தைக்கொண்டு அச்சங்கம் தோட்டங்களையே வாங்கியது. கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அவற்றுள் முதலாவது.

கிள்ளான்

பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய மத்திய ரயில் நிலையத்திலிருந்து கிள்ளானுக்கு நேரே ரயில் உண்டு. அந்த இருப்புப் பாதையே ஒரு வரலாறு. 1886ஆம் ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே முதல் வண்டி ஓடியது. ஆற்றின் குறுக்கே பாலம் அமைந்தபின், 1890இல் ரயில் கிள்ளான் நகருக்குள் வந்தது. நம் தோட்டங்களின் ரப்பர் துறைமுகத்தை அடைந்ததும் இவ்வழியேதான்.

கிள்ளான் மேடு பள்ளம் நிறைந்த ஊர். நகரின் குன்றொன்றின் மீது ராஜா மகாடி கோட்டையின் நுழைவாயிலைக் காணலாம். 1867இல் தொடங்கிய சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் கிள்ளானைக் கைப்பற்றியவர் அவர். அப்போருக்கு முன்னர் இங்கு ஆட்சி புரிந்த ராஜா அப்துல்லா 1857இல் கட்டிய பண்டகசாலையும் இவ்வூரில் உள்ளது. அவ்வாண்டில் அவர் ஆற்றின் மேற்பகுதிக்கு அனுப்பிய சுரங்கத் தொழிலாளராலேயே கோலாலம்பூர் உருவாகத் தொடங்கிற்று.

கிள்ளானின் லூர்து மாதா தேவாலயம் 1928ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. பிரான்சு நாட்டின் மலையடிவார ஊரான லூர்து நகரில் உள்ள திருத்தலத்தை நினைவூட்டும் வகையில் அமைந்த ஆலயம் இது. 1934இல் திறக்கப்பட்ட சுல்தான் சுலைமான் அரச பள்ளிவாசலும் இந்நகரில்தான் உள்ளது. இவ்விரண்டையும் ஒரே நாளில் காண்பவர்க்கு, இந்நாட்டில் பல சமயத்தார் ஒருவர்க்கொருவர் இடமளித்து வாழ்ந்த வரலாறு தெளிவாக விளங்கும்.

தேவாலயங்களைப் பற்றி ஒரு செய்தியை இங்குக் குறிப்பிட விரும்புகின்றோம். திருமுழுக்குப் பெற்றோர், திருமணம் செய்துகொண்டோர், இறந்தோர் ஆகியோரின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதிவைப்பது கத்தோலிக்கப் பங்குகளின் கடமை. கப்பலேறி வந்த பாட்டனார், பாட்டியார் பெயரைத் தேடும் கத்தோலிக்கக் குடும்பத்தார் அப்பதிவேடுகளை நாடலாம். கோயில்களிலோ திருப்பணிக் கல்வெட்டுகளும் நன்கொடையாளர் பலகைகளுமே அத்தகைய சான்றுகளாகும்.

புக்கிட் கியாரா

நான்காவது இடம் நம் வாழ்வுக்கு மிகவும் நெருக்கமானது. கோலாலம்பூரின் மேற்கே, தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை அடுத்துள்ள புக்கிட் கியாரா, முன்னாளில் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. இன்று நகர மக்கள் காலையிலும் மாலையிலும் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் வரும் பசுமைக் குன்றாக அது விளங்குகின்றது. அவர்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதைகள் பலவற்றின் இருபுறமும் பால்மரங்கள் நிற்கின்றன.

பால் வெட்டியவர் கண்ணுக்கு அங்குப் பல செய்திகள் புலனாகும். காட்டுமரங்கள் சிதறி நிற்கும். நட்ட மரங்கள் நிரையாக நிற்கும். வெட்டுப்பட்ட பட்டை மீண்டும் வளர்ந்தாலும், ஆழமாக உளி பட்ட இடம் முடிச்சாக மாறி நிலைத்துவிடும். மலைத்தோட்டங்களில் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் மேடைகள் வெட்டி மரம் நடுவர். மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாமல் தேங்கி ஊறுவதற்காகவே அம்மேடைகள் உட்புறம் சாய்வாக அமைக்கப்பட்டன. அவற்றின் வழியே பால்வாளி சுமந்து நடந்த கால்களே பல குன்றுகளில் இன்றைய பாதைகளை முதலில் வகுத்தன.

அரசாங்கம் அத்தோட்டத்தைப் பொதுத் தேவைக்கு எடுத்துக்கொண்டபின், 1982ஆம் ஆண்டில் தொழிலாளர் குடும்பங்கள் குன்றின் அடிவாரத்தில் தற்காலிக நீள்வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. ஏறக்குறைய நூறு குடும்பங்கள் அவை. நிரந்தர வீடு வேண்டும் என்பதே அவர்களது நெடுநாளைய எதிர்பார்ப்பு. பின்னாளில் அங்குள்ள ரிம்பா கியாரா பூங்காவின் ஒரு பகுதியில் அடுக்குமாடி வீடுகள் கட்டும் திட்டம் ஒன்று வந்தது. அவர்களுக்கான வீடுகளும் அத்திட்டத்தில் அடங்கியிருந்தன. பூங்காவைக் காக்க விரும்பிய அண்டைப் பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தனர். திட்டத்திற்கான அனுமதி செல்லாதென 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2023இல் கூட்டரசு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன.

பூங்கா பிழைத்தது நன்றே. ஆனால் அத்தீர்ப்பு வந்தபோதும், பால்மரம் வளர்த்த குடும்பங்கள் அதே நீள்வீடுகளிலேயே வாழ்ந்துகொண்டிருந்தன என்பதையும் அங்கு நடப்போர் நினைத்தல் வேண்டும். மரத்தைக் காப்பதும் மனிதருக்கு வீடு தருவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல, இரண்டும் செய்யத்தக்கவையே.

நடப்போர் கவனத்திற்கு

விடியற்காலையில் புறப்படுவது நல்லது. பிற்பகலில் இடிமழை பெய்யும் இயல்புடையது இப்பள்ளத்தாக்கு. இடி முழங்கினால் உச்சியிலோ தனிமரத்தடியிலோ நிற்றலாகாது. வழுக்காத காலணியும் போதிய தண்ணீரும் தேவை. தனியே செல்லாது, இருவர் மூவராகச் செல்லவேண்டும். குரங்குகளுக்கு உணவளித்தல் கூடாது. எந்த வழிபாட்டிடத்திலும் அடக்கமான உடையுடன் நுழைதலும், வழிபாட்டு நேரத்தில் அமைதி காத்தலும், படம் எடுக்குமுன் அனுமதி கேட்டலும் நற்பண்பாகும்.

ஒரு குறிப்பேட்டையும் உடன் கொண்டு செல்லுங்கள். அடிக்கல்லில் உள்ள ஆண்டையும், பலகையில் உள்ள பெயர்களையும் பிள்ளைகளைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். முதியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வது சாலச் சிறந்தது. முன்னாளில் ஆலயம் எங்கிருந்தது, லயம் எங்கிருந்தது, கிணறு எங்கிருந்தது, பாலை நிறுத்த இடம் எது என்று கேட்டு எழுதுங்கள்.

பிறகு, தாங்கள் இப்போது வாழும் தோட்டத்திற்கும் இவ்வாறே ஒரு குறிப்பு எழுதத் தொடங்குங்கள். கோயில் எந்த ஆண்டில் கட்டப்பட்டது, பள்ளியின் முதல் ஆசிரியர் யார், எந்த நிரையில் எவர் பால் வெட்டினார் என்பவற்றை இன்று எழுதிவைத்தால், நாளை அத்தோட்டம் நகரமாக மாறினும் அங்கு உழைத்தவர் பெயர் அழியாது.