நெகிழும் நூல், நெகிழக் கூடாத இடம்

2024 மே 29 அன்று டெல்லி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. 79 ஆண்டுகளில் அங்கே அவ்வளவு வெப்பம் பதிவானதில்லை. அப்படிப்பட்ட நாளில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய காருக்குள் என்ன ஆகும்? அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து 2018இல் வெளியிட்டார்கள். வெளியே சுமார் 38 டிகிரி. ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களில் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி, ஸ்டீயரிங் 53, இருக்கை 51. டெல்லியின் மே மாதத்தில் இந்தக் கணக்கு இன்னும் ஏறும்.

அந்த ஸ்டீயரிங்மேல் பருத்தி நூலில் பின்னிய குரோஷா உறை இருந்தால் கை சுடுவது குறையும். உறை குளிர்ந்திருக்கும் என்பதல்ல. தெர்மாமீட்டர் வைத்தால் அதுவும் ஏறக்குறைய அதே வெப்பத்தைத்தான் காட்டும். வித்தியாசம், வெப்பம் விரலுக்குள் பாயும் வேகத்தில் இருக்கிறது. வழவழப்பான ரெக்ஸினில் விரல் முழுதாகப் படிகிறது. வெப்பம் சட்டென்று ஏறுகிறது. குரோஷாவில் விரல் தொடுவது கண்ணிகளின் மேடுகளை மட்டுமே. மற்றபடி அந்தத் துணியின் பெரும்பகுதி காற்று, அதுவோ வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். ஜனவரிக் குளிரிலும் இதே காரணத்தால்தான் உறை இதமாக இருக்கிறது.

ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் உண்டு. குரோஷாவை இன்றும் கைதான் போடுகிறது. ஒரே கொக்கி ஊசி, ஒவ்வொரு கண்ணியையும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது. இப்படிக் கண்ணிக்குள் கண்ணி கோப்பதால் துணி எல்லாத் திசையிலும் நீண்டு கொடுக்கும்; வளைந்த பொருள்மேல் தோல்போல் உட்காரும். இந்த நெகிழ்வுதான் குரோஷாவின் அழகு. காரிலோ சில உறுப்புகள் நெகிழவே கூடாது. ‘குரோஷா காருக்கு ஆபத்தா?’ என்று மொத்தமாகக் கேட்பதைவிட, எந்த இடத்தில் என்று கேட்பதே சரி.

முதலில் சீட் பெல்ட். மோதும்போது பெல்ட் தாமதமில்லாமல் உடலைப் பிடிக்க வேண்டும். அதற்காகவே இன்றைய கார்களில் மோதலை உணர்ந்ததும் சிறு வெடிமருந்தால் பெல்ட்டை உள்ளிழுத்து, சில சென்டிமீட்டர் தளர்வையும் போக்கும் ஏற்பாடு இருக்கிறது. தோளில் உறுத்தாமல் இருக்கட்டும் என்று நாம் போடும் தடித்த பின்னல் பட்டை, காற்றடைத்த அந்தத் தளர்வைத் திரும்பக் கொண்டுவருகிறது. கழுத்துப் பக்கம் மெல்லிய உறை என்றால் பரவாயில்லை. பெல்ட்டைச் சுருளுக்குள் போகவிடாமல் தடுக்கும் தடிமன் கூடவே கூடாது.

அடுத்து ஏர்பேக். 2022 முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் முன்னிருக்கை இரண்டுக்கும் இது கட்டாயம். மோதிய பின் சுமார் 30 மில்லி விநாடியில் பை விரிந்துவிடும். கண் சிமிட்ட அதைப்போலப் பல மடங்கு நேரமாகும். இடப்பக்க டேஷ்போர்டில் பை இருக்கும் மூடிமேல் உட்கார்ந்திருக்கும் நூல் பொம்மையை அது எதிரே இருப்பவர் முகத்தை நோக்கி எறியும். நூலாவது மெத்தென்றிருக்கும், பிளாஸ்டிக் கண்ணும் உள்ளே வைத்த கம்பியும் அப்படியல்ல. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் அது பெரும்பாலும் இருக்கையின் ஓரத் தையலைப் பிரித்துக்கொண்டு வரும். அந்த ஓரத்தை இறுக்கி மூடும் எந்த உறையும், பின்னலானாலும் ரெக்ஸினானாலும், வேண்டாம்.

ஓட்டுநர் காலடியில் பின்னல் மிதியடி போடவே கூடாது. மிதியடி ஆக்சிலரேட்டரில் சிக்கும் அபாயத்தால் 2009இல் அமெரிக்காவில் டொயோட்டா சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. தரையோடு கொக்கி போட்டுப் பிடிக்காத நூல் விரிப்பு, ஒவ்வொரு பிரேக்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும்.

ஸ்டீயரிங் உறைக்கு எளிய சோதனை உண்டு. வண்டி நிற்கும்போது உறையை இரு கையாலும் பிடித்து முறுக்குங்கள். சக்கரம் திரும்பாமல் உறை மட்டும் வழுக்கினால் கழற்றிவிடுங்கள். பருத்திக் கண்ணி நாள்பட நீளும். வாங்கியபோது இறுக்கமாக இருந்தது ஆறு மாதத்தில் தளரலாம். ஆகவே இந்தச் சோதனையை அவ்வப்போது செய்ய வேண்டும்.

தீ விஷயத்தில் நூலைப் பார்த்து வாங்க வேண்டும். காரின் உட்புறப் பொருள்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15061, தீ நிமிடத்துக்கு 100 மில்லிமீட்டருக்குமேல் பரவக் கூடாது என்கிறது. கைப்பின்னலை யாரும் அப்படிச் சோதித்து அனுப்புவதில்லை. வீட்டில் ஓர் இழையை இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகித வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு சுருண்டு, பெரும்பாலும் தானே அணையும். அக்ரிலிக் உருகி எரிந்து கறுத்த கெட்டி மணியாக உறையும். தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். கடையில் உல்லன் என்று வாங்குவதில் பெரும்பகுதி இந்த அக்ரிலிக்தான். ஆனால் வெயிலைத் தாங்குவதில் அதுதான் கெட்டி. பருத்தி சீக்கிரம் நைந்துவிடும். எதுவானாலும், டேஷ்போர்டில் ஊதுபத்தி கொளுத்தும் வண்டிக்குள் நூல் தொங்கல் இருக்கக் கூடாது.

டெல்லியின் தூசி இன்னொரு கணக்கு. கண்ணித் துளைகளில் அது தங்கிவிடும். ஈரக்கை பட்டால் அழுக்காகப் படியும். கழற்றித் துவைக்க முடியாத பின்னலை வாங்காதீர்கள். பின்பார்வைக் கண்ணாடியில் தொங்கவிடுவது எவ்வளவு சின்னதானாலும், பனிமூட்டக் காலையில் குறுக்கே வரும் சைக்கிளை மறைக்க அது போதும்.

தலைசாய்ப்பு உறை, பின்னிருக்கைக் குஷன், கதவுப் பையில் வைக்கும் சிறு பை, ஹேண்ட்பிரேக் பிடி: இங்கெல்லாம் குரோஷா தாராளமாக இருக்கலாம். பல மணி நேரம் உட்கார்ந்து ஒருவர் போட்ட வேலைக்கு அங்கே முழு மரியாதையும் கிடைக்கும். பின்னி விற்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்: என்ன நூல், எந்த இடத்துக்கு, எப்படித் துவைப்பது என்று ஒரு சீட்டு வையுங்கள். வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.