மாமனார் விட்டுப்போன பெட்ரோல் பம்ப்

பழைய தையல் மிஷின், பாட்டி காலத்துக் குத்துவிளக்கு என்று எதையாவது தேய்த்துப் புதுசாக்கிய தோழிகள் நிறையப் பேர் இருப்பீர்கள். நாங்கள் புதுசாக்கியது ஒரு பெட்ரோல் பம்ப்! சிரிக்காதீர்கள். ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். எங்கள் கொல்லையில் நாற்பது வருஷத்துக்கும் மேலாகத் துருப்பிடித்து நின்றது. அதில் ஒரு முனை, தென்னை மரத்தில் ஒரு முனை என்று அத்தை கொடி கட்டித் துணி காயப்போடுவார்.

என் மாமனார் 1960-களில் மெயின் ரோட்டுப் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்தவர். அந்த பங்க்கில் அப்போது கரன்ட் பம்ப் இல்லை, கையால் அடிக்கிற பம்ப்தான். உச்சியில் இரண்டு கண்ணாடிக் குடுவைகள். கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளினால் தரைக்கடியில் இருக்கும் டாங்க்கிலிருந்து பெட்ரோல் ஏறி ஒரு குடுவை நிறையும். அது ரப்பர் குழாய் வழியாக வண்டிக்குள் இறங்கும்போதே அடுத்த குடுவை நிறைய ஆரம்பிக்கும். எத்தனை குடுவை இறங்கியதோ அத்தனைக்குக் காசு. அத்தை இன்னமும் காலன் கணக்கில்தான் பேசுவார். (ஒரு காலன் என்றால் ஏறக்குறைய நாலரை லிட்டர்.) "கண்ணாடியில கோடு வரைக்கும் ஏறலைன்னா லாரிக்காரன் சும்மா விடுவானா?" என்று மாமனார் சொல்வாராம்.

அது பர்மா ஷெல் பங்க். 1976-ல் அந்தக் கம்பெனியை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. இன்றைக்கு இருக்கிற பாரத் பெட்ரோலியம் அதிலிருந்து வந்ததுதான். பிறகு பங்க்குக்குக் கரன்ட் பம்ப் வந்ததும் பழசை எடைக்குப் போட்டார்கள். மாமனார் அந்த மாசச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து அதை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். "வீட்டுல அரிசி இல்ல, இந்த மனுஷன் இரும்பு வாங்கிட்டு வந்தாரு" என்று அத்தை இன்றுவரை திட்டுவார்.

போன வருஷம் கொல்லையில் பாத்ரூம் கட்டலாம் என்று என் வீட்டுக்காரர் பழைய இரும்புக்காரரைக் கூட்டி வந்தார். கிலோவுக்கு இவ்வளவு என்று பேச்சு நடந்தது. மாமனார் இறந்து அப்போது ஆறு வருஷம். வாழ்நாளெல்லாம் அந்தப் பம்பைத் திட்டிய அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. மடித்த துணியையே திரும்பத் திரும்ப உதறி மடித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. "என்னங்க, எனக்கு ஒரு மாசம் டைம் குடுங்க. ஒண்ணும் ஆகலைன்னா எடைக்குப் போட்டுக்கலாம்" என்றேன். இரும்புக்காரர் முறைத்துக்கொண்டே போனார்.

நான் பத்தாவது வரைதான் படித்தவள். எங்கள் தெரு முனை லேத் பட்டறை அண்ணன்தான் குரு. அவர் முதலில் சொன்னது, "தீயைக் கிட்டவே கொண்டு வராதீங்கம்மா." பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. மூடிக்கிடக்கும் குழாய்க்குள் தங்கிவிட்டால் வெல்டிங் பொறி ஒன்று போதுமாம். அதனால் எல்லா மூடியையும் திறந்து, சோப்புத் தண்ணீர் விட்டுப் பல தடவை அலசி, திறந்தவெளியில் ஆற விட்ட பிறகுதான் கை வைத்தோம்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம், குழந்தை உள்ள வீட்டுக்காரர்கள் கவனியுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற சட்டம் நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பெட்ரோலிலேயே ஈயம் கலந்து விற்று, 2000-ல்தான் நிறுத்தினார்கள். காய்ந்த பெயின்டைச் சுரண்டினால் அந்தத் தூள் மூச்சிலும், தரையில் விளையாடும் பிள்ளைகளின் கை வழியாக வாயிலும் போகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். என் சின்னவளுக்கு அப்போது ஐந்து வயசு, எதை எடுத்தாலும் வாயில் வைப்பாள். அவளை இரண்டு வாரம் என் அம்மா வீட்டில் விட்டுவிட்டேன்.

கீழே தார்ப்பாய் விரித்து, மாஸ்க் போட்டுக்கொண்டு, தண்ணீர் தொட்டுத் தொட்டு வாட்டர் பேப்பரால்தான் தேய்த்தோம். உலர்வாகத் தேய்க்கவும் இல்லை, பெயின்டைச் சுட்டு உரிக்கவும் இல்லை. வழிந்த சேற்றைத் துணியால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டினோம். செடிக்கு ஊற்றவில்லை, கொளுத்தவில்லை. போட்டிருந்த நைட்டியைத் தனியாகத்தான் துவைத்தேன். இதையெல்லாம் அதிகப்படி என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

நட்டு போல்ட்டுக்கு நம் சமையலறை வைத்தியம். பெயின்ட் இல்லாத உதிரிகளை மட்டும் எடுத்து, கெட்டியாகக் கரைத்த பழைய புளியில் ஒரு ராத்திரி ஊறப்போட்டேன். காலையில் தேங்காய் நாரால் தேய்த்தால் துரு கறுப்பாகக் கரைந்து வந்தது. புளிப்பு இரும்பில் நிற்கக்கூடாது என்பதால் உடனே சமையல் சோடாத் தண்ணீரில் அலசி, வெயிலில் காய வைத்து, எண்ணெய் தடவினேன். குழாய் முனையில் இருந்த பித்தளைக்கும் அதே புளிதான். குத்துவிளக்கு மாதிரிப் பளபளத்தது. ஆனால் இதற்குச் சமையல் பாத்திரத்தை எடுக்காதீர்கள். நான் உடைந்த பக்கெட்டில்தான் ஊற வைத்தேன்.

மேலே சாம்பல் கலர், அதற்குள் பச்சை, அதற்கும் உள்ளே சிவப்பும் மஞ்சளும். அந்தச் சிவப்பு தெரிந்த அன்றைக்கு என் வீட்டுக்காரர் தானாகவே வந்து வாட்டர் பேப்பரைக் கையில் எடுத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அன்றன்றைக்குத் தேய்த்த இடத்தைத் துடைத்து அன்றே ரெட் ஆக்சைடு அடித்துவிட்டோம். விட்டால் மறுநாளே மறுபடி துரு பூத்துவிடும்.

கைப்பிடிதான் அசையவே இல்லை. டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து மூட்டுகளில் விட்டு விட்டுக் காத்திருந்தோம். ஐந்தாம் நாள் சாயங்காலம் 'கடக்' என்று ஒரு சத்தம். அடுப்படியில் இருந்த அத்தை ஈரக்கையோடு ஓடி வந்தார். "இதே சத்தந்தாண்டி, மத்தியானம் சோறு கொண்டு போறப்ப ரோட்டுலயே கேக்கும்" என்றார். அவரே நாலு தடவை தள்ளிப் பார்த்தார்.

குடுவையில் ஒன்று எப்போதோ உடைந்துவிட்டது. இன்னொன்று பரண் மேல் மாமனாரின் வேட்டியில் சுற்றி அப்படியே இருந்தது. உடைந்ததற்குப் பதில் பிளாஸ்டிக் குழாய் வைக்கலாம் என்றார் லேத் அண்ணன். எனக்கு மனசு வரவில்லை. ஒரு பக்கம் காலியாகவே இருக்கட்டும்.

மொத்தச் செலவு ஆறாயிரத்துச் சொச்சம். பெட்ரோல் ஊற்றவில்லை, ஊற்றப் போவதும் இல்லை. வாசலில் வெறும் பார்வைக்குத்தான் நிற்கிறது. பாத்ரூமை அந்தப் பக்கம் தள்ளிக் கட்டிக்கொண்டோம்.

போன மாசம் என் ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போடப் போனபோது அத்தையும் வந்தார். மிஷினில் நம்பர் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "நம்பர் ஓடுது சரி, எண்ணெய் எங்க ஓடுது?" என்று கேட்டார். நம் ஊர் பங்க்குகளில் முத்திரை போட்ட ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரம் வைத்திருக்க வேண்டும், யார் கேட்டாலும் அளந்து காட்ட வேண்டும். கலப்படம் பார்க்க ஃபில்டர் பேப்பரும் கேட்கலாம். நல்ல பெட்ரோல் ஒரு சொட்டு விட்டால் கறை இல்லாமல் காய்ந்துவிடும். அன்றைக்கு அத்தை இரண்டையுமே கேட்டார். பையன் கொஞ்சம் முனகினாலும் அளந்து காட்டினான். சரியாகவே இருந்தது. "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தாம்ப்பா, கோடு தப்பாது" என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்தார்.

இப்போது அவருக்கு ஒரே குறைதான். கொடி கட்ட இடம் போய்விட்டது. புதுக் கம்பம் நட ஆள் சொல்லியிருக்கிறோம், இன்னும் வந்தபாடில்லை.

- ஒரு வாசகி, மேலூர்