பழுது எங்கே?

பட்டாளம் என்றதும் நண்பர்களுக்குத் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். என் தந்தையார் அங்கே அதிகம் ஏந்தியது ஈயம் பற்றவைக்கும் கோலையே. இ.எம்.இ. என்னும் பிரிவில் ரேடியோ பழுது பார்த்தவர் அவர். 1943-இல் தோன்றிய அப்பிரிவின் பெயரில் ‘எலெக்ட்ரிகல்’ என்றிருந்த சொல் 2001-இல் ‘எலெக்ட்ரானிக்ஸ்’ ஆயிற்று.

ஓய்வு பெற்ற பின்னும் சில காலம் சேமப்படையில் அவர் பெயர் இருந்தது. அழைத்தால் புறப்பட வேண்டும். ஆகவே, செகந்தராபாத்தில் கடை வைத்தபோதும் பட்டாள முறையை அவர் விடவில்லை.

அம்முறை யாது? முதலில் கருவியைத் திறக்கலாகாது. இயக்கியவரைக் கேட்க வேண்டும். ஒலி சட்டென நின்றதா, தேய்ந்து நின்றதா? அடுத்து, மின்கலமும் இணைப்புக் கம்பிகளும். பழுது அங்கே அகப்படாவிடில் நடுவில் சோதிக்க வேண்டும். வரிசையாக 16 படிகள் இருந்தால், எட்டாவதின் முடிவில் குறி சரியாக வரும்போது முதல் எட்டும் குற்றமற்றவை. மிச்சத்தை மீண்டும் பாதியாக்குக. நான்கே சோதனையில் பழுதுள்ள படி தெரிந்துவிடும்.

சென்ற மாதம் ஆய்வுக்கூடத்தில் என் பழைய அளவுக் கருவி ஊமையாயிற்று. எம்.எஸ்ஸி. மாணவன் அல்லவா! யாரையும் கேளாமல் இரண்டு நாள் பாகங்களை மாற்றினேன். பிறகு தொலைபேசியில் தந்தையாரிடம் முறையிட்டேன்.

“ஈயப் பற்று மங்கியிருக்கா பாருடா” என்றார்.

ஒன்று மங்கிச் சொரசொரத்திருந்தது. கம்பி ஒட்டியதுபோல் தோன்றி, ஒட்டாமல் நின்றது. சரிசெய்தேன், கருவி பேசிற்று. பெருமையுடன் சொன்னேன்.

“மத்த பற்றெல்லாம் பார்த்தியா? மலை மேல நிக்கிறவன் உனக்கு ஃபோன் போட்டுக் கேட்க முடியாது.”

பார்க்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தேன். இன்னும் இரண்டு இருந்தன.