சுற்றிப் போகும் சாலை, துரத்தி வரும் நகரம்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குக் கிழக்கே இருக்கும் மர்பி டவுனுக்கு இரண்டு அடையாளங்கள். ஒன்று தமிழ், மற்றொன்று பழைய மெட்ராஸ் ரோடு. 1809ல் ஆங்கிலேயர் கன்டோன்மென்ட் அமைத்த பிறகு, தமிழ்ப் பகுதிகளிலிருந்து சிப்பாய்களும் வியாபாரிகளும் தொழிலாளர்களும் வந்து குடியேறிய வட்டாரம் இது. அவர்களுக்குச் சொந்த ஊரைக் காட்டும் திசைகாட்டியாக இருந்தது அந்தச் சாலை. இன்று அதே சாலையைக் கடப்பது ஒரு சாகசம்.

நெரிசலுக்குப் பெங்களூர் கண்டுபிடித்த மருந்து ஒன்றுதான்: ஊரைச் சுற்றி ஒரு வளையச் சாலை. அந்த மருந்து ஒரு வேளையோடு நிற்கவில்லை என்பதில்தான் சிக்கல்.

1996 முதல் 2002க்குள் சுமார் 60 கி.மீ. நீளத்துக்கு அவுட்டர் ரிங் ரோடு போடப்பட்டது. வெளியூர் லாரிகள் நகருக்குள் நுழையாமல் போக வேண்டும் என்பது நோக்கம். ஆனால் சாலையின் கிழக்குப் பகுதியில் கம்ப்யூட்டர் நிறுவனங்கள் வரிசை கட்டின. சில்க் போர்டுக்கும் கே.ஆர். புரத்துக்கும் இடையிலான தூரம் நாடறிந்த நெரிசலாயிற்று. லாரிக்காகப் போட்ட சாலையில் அலுவலக பஸ்கள் ஊர்ந்தன. அடுத்து வந்த நைஸ் ரோடு, ஓசூர் சாலையையும் தும்கூர் சாலையையும் மேற்குப் புறமாக இணைத்தது. மீதிப் பாதி வட்டத்தை முடிக்க வேண்டிய பெரிஃபெரல் ரிங் ரோடு, நில இழப்பீட்டுத் தகராறுகளில் சிக்கி ஆண்டுக்கணக்கில் காகிதத்திலேயே கிடந்தது.

இப்போது போடப்படும் வளையம் இன்னும் பெரியது. சேட்டிலைட் டவுன் ரிங் ரோடு எனப்படும் இதன் நீளம் சுமார் 280 கி.மீ. தாபஸ்பேட்டை, தொட்டபள்ளாபூர், தேவனஹள்ளி, ஹோஸ்கோட்டை, ஆனேக்கல், கனகபுரா, ராமநகரம், மாகடி என்று பெங்களூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களை அது ஒரே சரடில் கோர்க்கிறது. நடுவே மாநில எல்லையைத் தாண்டி ஓசூர் பக்கமும் வருகிறது. மொத்தத்தில் 40 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் தமிழ்நாட்டு மண்.

இதன் பயனைப் புரிந்துகொள்ள ஒரு லாரியோடு போனால் போதும். சென்னையிலிருந்து கோலார் வழியாகப் புனாவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் வண்டி ஹோஸ்கோட்டையிலேயே வலது பக்கம் திரும்பி, தேவனஹள்ளி, தொட்டபள்ளாபூர் வழியே தாபஸ்பேட்டையில் மும்பை நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம். பெங்களூரின் ஒரு சிக்னலைக்கூடப் பார்க்க வேண்டாம். சுமார் 80 கி.மீ. நீளமுள்ள இந்தப் பகுதி 2024 மார்ச்சில் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. ஹோஸ்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூரில் முடியும் சென்னை எக்ஸ்பிரஸ் சாலையும் இதனோடு சேரும்போது வளையத்தின் மதிப்பு பல மடங்காகும்.

ஆனால் பலன் ஓரிடத்தில், விலை வேறிடத்தில். மூச்சுவிட இடம் கிடைப்பது மர்பி டவுன் போன்ற நகர்ப் பகுதிகளுக்கு. நிலம் கொடுப்பதோ ஓசூர், ஆனேக்கல் வட்டாரங்களின் ராகி, காய்கறி, பூ விவசாயிகள். எக்ஸ்பிரஸ் சாலைகள் நினைத்த இடத்தில் ஏறி இறங்க முடியாதவை. நிலம் இரு பக்கமும் பிளந்து கிடக்க, எதிரே தெரியும் வயலுக்குப் போக விவசாயி அடுத்த சுரங்கப் பாதையைத் தேடி நடக்க வேண்டும். சந்தை மதிப்பு ஏறும் முன்பே நிலத்தை இழந்தவர், பக்கத்து நிலம் மனை மனையாக விலைபோவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொரு தரப்பு வாய் திறந்து பேசாது. பன்னர்கட்டா காட்டிலிருந்து தளி, ஓசூர் காடுகள் வழியாகக் காவிரிக் கரைவரை யானைகள் காலங்காலமாக நடந்து பழகிய தடங்கள் உண்டு. சாலையின் தென்பகுதி அந்தத் தடங்களின் குறுக்கே வருகிறது. தூண்கள் மேல் சாலையைத் தூக்கிக் கட்டுவதா, காட்டைச் சுற்றிப் போவதா என்பது வெறும் செலவுக் கணக்கு அல்ல. வழி அடைபட்ட யானை ராகி வயலில்தான் இறங்கும். அந்த நஷ்டமும் அதே விவசாயி தலையில்தான் விழும்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவுட்டர் ரிங் ரோடு சொல்லிக் கொடுத்த பாடம் இருக்கிறது. சாலை போடுவது எளிது, அதைச் சாலையாகவே வைத்திருப்பதுதான் கடினம். இரு புறமும் மனைகளுக்கும் மால்களுக்கும் தாராளமாக அனுமதி கொடுத்தால் இருபது ஆண்டுகளில் இதுவும் இன்னொரு நகர வீதியாகிவிடும். தடுக்க வேண்டிய அதிகாரம் இரண்டு மாநிலங்களின் நகரமைப்புத் துறைகளிடமும் பல உள்ளாட்சிகளிடமும் சிதறிக் கிடக்கிறது. அவை ஒரே விதியை வகுத்துக்கொள்ளாவிட்டால் பெங்களூர் ஐந்தாவது வளையத்துக்கு நிலம் தேடும். அதற்குள் ஓசூரும் அந்த வளையத்துக்கு உள்ளே வந்திருக்கும்.