தெள்ளு பூனையிலா, வீட்டிலா?



உங்கள் வீட்டில் பூனை இருக்கிறதா? அது பின்னங்காலைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் பரக் பரக்கென்று சொறிந்துகொண்டே இருக்கிறதா? இரவில் பாயில் படுத்தால் உங்கள் கணுக்காலிலும் ஏதோ சுருக்கென்று கடிக்கிறதா? அப்படியானால் அழையாத விருந்தாளி ஒருவர் வந்துவிட்டார். அவர் பெயர் தெள்ளுப்பூச்சி!

பேன் வேறு, உண்ணி வேறு, தெள்ளு வேறு. பேன் ஊரும். உண்ணி ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு, இரத்தம் குடித்துப் பட்டாணி போல உப்பும். தெள்ளோ குதிக்கும். எள் அளவுகூட இருக்காது, இறக்கையும் கிடையாது. ஆனாலும் ஒரே தாவலில் ஓர் அடி தூரம் போய்விடும்!

இதை ஒழிக்கப் போய் நான் செய்த தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ரெட்டிபாளையம் சுண்ணாம்புக்கல் பூமி. வாத்தியார் வேலையில் ஓய்வு பெற்ற வருடம், செவலைப் பூனை ஒன்று எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து குடியேறியது. என் பேத்திக்கு அதன் மேல் உயிர். கொஞ்ச நாளில் வீடெல்லாம் தெள்ளு. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "சுண்ணாம்புத் தூளைத் தூவி விடுங்க சார்" என்றார் ஒருவர். "மண்ணெண்ணெயில துணிய நனைச்சுத் துடைங்க" என்றார் இன்னொருவர். நான் இரண்டையும் செய்யவில்லை. அவற்றைவிட மோசமான காரியம் செய்தேன். மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்து தொழுவத்தில் மீதி இருந்தது. மாட்டுக்கு ஆகிறதே, பூனைக்கு ஆகாதா என்று நினைத்து, தண்ணீர் கலந்து அதன் முதுகில் தடவிவிட்டேன்.

சாயங்காலம் பூனையின் வாயில் எச்சில் ஒழுகியது. காது துடித்தது. பிறகு உடம்பு முழுவதும் வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கியது. "தாத்தா, ஏதாவது பண்ணுங்க தாத்தா!" என்று பேத்தி கதறியது இன்னும் என் காதில் இருக்கிறது. துணியில் சுற்றிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். "மருந்து பாட்டிலைக் கொண்டு வந்தீங்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. வலிப்பு அடங்க ஊசி போட்டார். பிறகு சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டு மருந்தைக் கழுவினார். மூன்றாம் நாள்தான் பூனை எழுந்து உட்கார்ந்தது. படித்த வாத்தியார் இப்படிச் செய்யலாமா என்று அவர் கேட்கவில்லை. நானே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

ஏன் அப்படி ஆயிற்று? உண்ணி மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற பொருள்கள் இருக்கும். நாயின் கல்லீரல் பெர்மெத்ரினை உடைத்து வெளியே அனுப்பிவிடும். பூனையின் கல்லீரலில் அதற்கு வேண்டிய நொதி மிகக் குறைவு. நஞ்சு உடம்பிலேயே தங்கி நரம்புகளைத் தாக்கும். இன்னொன்றும் உண்டு. பூனை நாள் முழுவதும் தன்னை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி. தோலில் எதைத் தடவினாலும் அது வயிற்றுக்குள் போய்ச் சேரும். அதனால் பினாயில், மண்ணெண்ணெய், பாச்சை உருண்டை, நீலகிரித் தைலம் எதுவும் பூனைக்குக் கூடவே கூடாது. பூண்டு கொடுத்தால் தெள்ளு போகும் என்பார்கள். பூண்டும் வெங்காயமும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். (தெள்ளோடு சம்பந்தம் இல்லாவிட்டாலும் சொல்கிறேன்: நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடலாம்.)

சரி, பிறகு எப்படித்தான் தெள்ளை ஒழிப்பது? அதற்கு அது எங்கே வாழ்கிறது என்று தெரிய வேண்டும். பூனையின் மேல்தானே என்பீர்கள். அங்கே இருப்பவை வளர்ந்த தெள்ளுகள் மட்டும்தான். ஒரு பெண் தெள்ளு ஒரு நாளில் 40, 50 முட்டைகள்கூட இடும். அவை ஒட்டாமல், உப்புத் தூள் போலப் பூனையிலிருந்து உதிர்ந்துவிடும். பூனை எங்கே படுக்கிறதோ அங்கேயே விழும். முட்டையிலிருந்து வெள்ளைப் புழு வரும். அது வெளிச்சத்தைக் கண்டால் ஓடி, பாய்க்கு அடியிலும் தரை வெடிப்பிலும் ஒளிந்துகொள்ளும். பிறகு கூடு கட்டும். ஆக, வீட்டில் இருக்கும் தெள்ளுக் கூட்டத்தில் பெரும்பகுதி பூனையிடம் இல்லை, தரையில்தான் இருக்கிறது!

இந்தக் கூடுதான் பெரிய தந்திரக்காரக் கூடு. உள்ளே இருக்கும் தெள்ளு மாதக்கணக்கில் சாப்பாடு இல்லாமல் காத்திருக்கும். நடமாட்டத்தின் அதிர்வு, உடம்புச் சூடு, நாம் விடும் மூச்சு ஆகியவை தெரிந்தால் டக்கென்று வெளியே குதிக்கும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தவுடன் காலெல்லாம் கடிப்பது இதனால்தான்.

எங்களுக்கு அந்த மருத்துவர் சொன்ன வழி விளக்குமாறு! தினமும் மூலை முடுக்கு, கட்டிலுக்கு அடி, தரை வெடிப்பு எல்லாம் பெருக்க வேண்டும். குப்பையைப் பாலித்தீன் பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். பூனை படுக்கும் சாக்கு, துணி எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை கொதிக்கும் தண்ணீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். (கொதிநீர் வேலை பெரியவர்களுடையது, நீங்கள் கொடியில் போடலாம்.) எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் தெள்ளுப் புழு தாக்குப்பிடிக்காது.

உங்களுக்கான வேலை பேன் சீப்பு. வீட்டில் தலைக்கு வைத்திருப்பதல்ல, பூனைக்கென்று தனியாக ஒன்று. கழுத்திலும் வால் அடியிலும் மெதுவாக வாருங்கள். சீப்பில் வரும் தெள்ளைச் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள், மூழ்கிவிடும். கருப்புத் தூள் வந்தால் ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். செம்பழுப்பாகப் பரவினால் அது மண் இல்லை, தெள்ளின் எச்சம். பூனையின் இரத்தம்தான் அது!

பூனையிடமிருந்து தெள்ளைக் கடன் வாங்கிய விஞ்ஞானி ஒருவர் இருந்தார் தெரியுமா? பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர். 1898ஆம் ஆண்டு, அப்போது இந்தியாவோடு இருந்த கராச்சியில், பிளேக் நோய் வந்த எலி ஒன்றைக் கண்ணாடி ஜாடியில் வைத்தார். அதன் மேல் தெள்ளு போதாதென்று, தங்கியிருந்த விடுதியில் சுற்றிய பூனையிடமிருந்து சிலவற்றை எடுத்துச் சேர்த்தார்! பக்கத்தில் கம்பிவலைக் கூண்டில் வைத்த நல்ல எலிக்கும் பிளேக் வந்தது. இரண்டும் தொட்டுக்கொள்ளவே இல்லை. நோயைக் கடத்தியது தெள்ளு என்று கண்டுபிடித்தவர் அவர்தான். பல வருடங்கள் யாரும் நம்பவில்லை, பாவம். உங்கள் பூனையால் பிளேக் வந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள். அதைப் பரப்பியது முக்கியமாக எலித் தெள்ளு. பூனைத் தெள்ளு நாடாப்புழுவைப் பரப்பும். ஆகவே வாரி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மருந்தே கூடாதா? பூனைக்கென்றே சொட்டு மருந்து உண்டு. நாக்கு எட்டாத பிடரியில் விடுவார்கள். பூனையின் எடை பார்த்துக் கால்நடை மருத்துவர்தான் தர வேண்டும். நாய் மருந்தில் பாதி என்று கணக்குப் போடாதீர்கள். சின்னக் குட்டிகளுக்குச் சீப்பு மட்டும் போதும்.

எங்கள் பேத்தி இன்னொன்றும் செய்தாள். இரவில் கூடத்து மூலையில் சின்ன விளக்கை எரியவிட்டு, அதன் கீழே வெள்ளைத் தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்தாள். வெளிச்சத்துக்குத் தாவிய தெள்ளுகள் காலையில் மிதந்தன. எண்ணி நோட்டில் எழுதி வைத்தாள். முதல் நாள் பதினொன்று. இரண்டாம் வாரம் இரண்டு, மூன்று. முடிந்தது என்று நான் நினைத்தபோது மூன்றாம் வாரம் திடீரென்று ஒன்பது! கூட்டுக்குள் இருந்தவை வெளிவந்திருக்கின்றன. விடாமல் பெருக்கினோம். ஏழாவது வாரம் தட்டில் ஒரே ஒரு கொசு மட்டும் மிதந்தது. அதையும் நோட்டில் எழுதிவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.