சுனில் சேத்ரி: லிஸ்பனில் மூன்று ஆட்டம், இந்தியாவுக்கு 95 கோல்

சுனில் சேத்ரி (பிறப்பு: 1984 ஆகஸ்ட் 3, செகந்திராபாத்) இந்தியக் கால்பந்து அணியின் முன்கள வீரர்; நீண்ட காலம் அதன் தலைவராகவும் இருந்தவர். நாட்டுக்காக அதிக ஆட்டங்கள் ஆடியவரும், அதிகக் கோல் அடித்தவரும் இவரே. 2024 ஜூனில் அவர் ஓய்வு பெற்றபோது கணக்கு 151 ஆட்டம், 94 கோல். அன்றைய நிலையில் உலக அளவில் ஆண்கள் பன்னாட்டு ஆட்டங்களில் அவருக்கு முன்னால் மூவரே இருந்தனர்: போர்ச்சுக்கலின் கிறிஸ்டியானோ ரொனால்டோ, ஈரானின் அலி தாயி, அர்ஜென்டினாவின் லயனல் மெஸ்ஸி.

எங்கள் கூரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மாலையில் பந்து உதைக்கும் பிள்ளைகள் பலரின் முதுகில் ரொனால்டோ பெயரும் 7 என்ற எண்ணும் இருக்கும். 11ஆம் எண் சட்டையணிந்து ஆடிய சேத்ரியைப் பற்றிக் கேட்டால், பெயர் தெரியும் என்பார்கள். எங்கே ஆடினார், எப்படி வந்தார் என்றால் தெரியாது. இக்கட்டுரை அவர்களுக்காக.

ரொனால்டோ பிறந்தது 1985 பிப்ரவரி 5. சேத்ரி அவரைவிட ஆறு மாதம் மூத்தவர். இருவருக்கும் பொதுவாக ஒரு கழகம் உண்டு: லிஸ்பன் நகரின் ஸ்போர்ட்டிங். ரொனால்டோ 12 வயதில் அதன் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்து, 18 வயதில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். சேத்ரி அதே கழகத்துக்குள் நுழையும்போது அவருக்கு வயது 27 முடிந்து 28 நெருங்கிக்கொண்டிருந்தது. இருவர் வாழ்க்கைக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த இரண்டு வயதுகளுக்கு இடையில் இருக்கிறது.

தொடக்கம்

தந்தை இந்திய இராணுவத்தில் பொறியியல் பிரிவில் பணியாற்றியவர். தாய் சுசீலா நேபாளத்தைச் சேர்ந்தவர். அவரும் அவருடைய இரட்டைச் சகோதரியும் நேபாளப் பெண்கள் அணிக்காகக் கால்பந்து ஆடியவர்கள். தந்தையின் பணிமாற்றங்களால் சேத்ரி ஊர் ஊராகப் பள்ளி மாறிப் படித்தார். கொல்கத்தாவில் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, மலேசியாவில் நடந்த ஆசியப் பள்ளிகள் போட்டிக்கு இந்திய அணியில் இடம் கிடைத்தது. படிப்பைப் பாதியில் விட்டுப் போனார். (முப்பது ஆண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில், இந்த ஒன்றை மட்டும் பின்பற்றாதீர்கள் என்று சொல்லிவைக்கிறேன்.)

தில்லியின் சிட்டி கிளப்பில் தொடங்கி, 2002இல் கொல்கத்தாவின் மோகன் பகான் கழகத்தில் சேர்ந்தார். 2005இல் பஞ்சாபின் ஜே.சி.டி. அணிக்கு மாறினார். அதே ஆண்டு ஜூன் 12இல் குவெட்டா நகரில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்திய அணியில் முதல் முறையாகக் களமிறங்கி ஒரு கோலும் அடித்தார். ஆட்டம் 1-1 என்று முடிந்தது.

தில்லி, 2008 ஆகஸ்ட் 13

அவருடைய வாழ்க்கையில் ஒரே ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பையின் இறுதி ஆட்டம். ஹைதராபாத்தில் நடக்க வேண்டியது, மழையில் திடல் கெட்டுப்போனதால் தில்லி அம்பேத்கர் அரங்கத்துக்கு மாற்றப்பட்டது. எதிரணி தஜிகிஸ்தான். முதல் 25 நிமிடத்துக்குள் இந்தியா மூன்று கோல் அடித்தது. சேத்ரி இரண்டு, பாய்ச்சுங் பூட்டியா ஒன்று. பிற்பாதியில் சேத்ரி மூன்றாவதையும் அடித்து ஹாட்ரிக் முடித்தார். முடிவு 4-1.

இந்தக் கோப்பையை வென்றவர்க்கு ஆசியக் கோப்பையில் நேரடி இடம் என்பது விதி. அதனால் 1984க்குப் பிறகு, 27 ஆண்டு இடைவெளி கழித்து, 2011இல் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா ஆடியது. அங்கே மூன்று ஆட்டத்திலும் தோல்வி. ஆனாலும் பஹ்ரைனுக்கு எதிராகவும் தென் கொரியாவுக்கு எதிராகவும் சேத்ரி கோல் அடித்தார்.

வெளிநாட்டு வாசல்கள்

2009இல் இங்கிலாந்தின் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகம் அவரை எடுக்க முன்வந்தது, மூன்றாண்டு ஒப்பந்தம். ஆனால் பிரிட்டன் அரசு வேலை அனுமதி தரவில்லை. அன்றைய விதிப்படி, ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் வீரரின் நாடு ஃபிஃபா தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் இருக்க வேண்டும். இந்தியா அதற்கு வெகு தொலைவில் இருந்தது. ஒருவரின் திறமைக்கு அவர் நாட்டு அணியின் தரவரிசை பூட்டுப் போட்ட கதை இது. அந்தத் தரவரிசையை உயர்த்த வேண்டுமானால் வீரர்கள் வெளியே போய் ஆட வேண்டும். வெளியே போக வேண்டுமானால் தரவரிசை உயர வேண்டும்.

அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி விசார்ட்ஸ். அங்கே லீக் ஆட்டம் எதிலும் இறங்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. கோப்பைப் போட்டி ஒன்றிலும், மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான நட்புமுறை ஆட்டத்திலும் ஆடினார். பிறகு இந்தியா திரும்பினார்.

2012 ஜூலையில் ஸ்போர்ட்டிங் அழைத்தது. அவர் சேர்ந்தது முதன்மை அணியில் அன்று. போர்ச்சுக்கலின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய 'பி' அணியில். அங்கே மூன்று லீக் ஆட்டங்களே கிடைத்தன. அந்த அணி இளம் வீரர்களைப் பழக்கி மேலே அனுப்புவதற்கான இடம். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் வரிசையில் 28 வயது ஆள் நின்றால் பயிற்சியாளர் யாரைப் பார்ப்பார்? 2013 தொடக்கத்தில் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் அணிக்கு இரவலாக வந்தார். அந்தப் பருவத்தின் ஐ-லீக் பட்டத்தை அவ்வணி வென்றது.

இதைத் தோல்வி என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று கண்டத்திலும் கதவைத் தட்டியவர் அவர். அவருக்குப் பின் வந்த இந்திய முன்கள வீரர்களில் எத்தனை பேர் அதைச் செய்தார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கோல் அடிக்கும் முறை

சேத்ரியின் உயரம் சுமார் 170 செ.மீ. முன்கள வீரருக்கு இது குறைவு. ஆனால் அவர் கோல்களில் கணிசமானவை தலையால் முட்டியவை. இதற்குக் காரணம் எம்பிக் குதிக்கும் ஆற்றல் மட்டும் அன்று. பந்து பக்கவாட்டிலிருந்து வரும்போது தடுப்பாட்டக்காரரின் பார்வைக்குப் பின்னால் நின்று, கடைசி நொடியில் அவருக்கு முன்னால் வெட்டி வருவார். உயரமானவர் குதிக்கத் தொடங்கும் முன்பே இவர் தலை பந்தைத் தொட்டிருக்கும். பிள்ளைகள் அவருடைய ஆட்டப்பதிவைப் பார்க்கும்போது பந்தைப் பார்க்காமல் அவர் கால்களை மட்டும் பார்த்தால் இது விளங்கும். பெனால்டி அடிப்பதிலும் பதற்றம் இல்லாதவர்.

2018: காலி இருக்கைகள்

2018 ஜூன் 1, மும்பை. கண்டங்களிடைக் கோப்பையில் சீன தைபே அணியை இந்தியா 5-0 என்று வென்றது. சேத்ரி ஹாட்ரிக். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர்தான். மறுநாள் அவர் சமூக வலைத்தளத்தில் ஒரு காணொளி வெளியிட்டார். ஐரோப்பியக் கழகங்களை நேசிப்பவர்கள் எங்கள் ஆட்டம் அந்தத் தரத்தில் இல்லை என்று நினைக்கலாம், அது உண்மையும்கூட. திட்டுவதானாலும் அரங்கத்துக்கு வந்து எங்கள் முகத்துக்கு நேரே திட்டுங்கள் என்பது அதன் சாரம். ஓர் அணித் தலைவர் இப்படிக் கைகூப்பிக் கேட்டது புதிது. ஜூன் 4இல் கென்யாவுடன் அவருக்கு நூறாவது ஆட்டம். டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. கொட்டும் மழையில் மக்கள் நின்று பார்த்தார்கள். இந்தியா 3-0, அதில் இரண்டு சேத்ரியுடையவை. ஜூன் 10 இறுதி ஆட்டத்திலும் கென்யாவுக்கு எதிராக இரண்டு. அன்று அவர் கணக்கு 64 ஆகி, மெஸ்ஸியின் அப்போதைய கணக்கைத் தொட்டது.

செய்தித்தாள்கள் இந்த ஒப்பீட்டைப் பெரிதாகப் போட்டன. நியாயமாகச் சொன்னால், எண்கள் ஒன்றானாலும் எதிரணிகள் ஒன்றல்ல. சேத்ரியின் கோல்களில் பெரும்பாலானவை தெற்காசியாவிலும் ஆசியாவின் நடுத்தர, கீழ்த்தட்டு அணிகளுக்கு எதிராகவும் வந்தவை. அவர்களோடு தன்னை ஒப்பிட வேண்டாம் என்று அவரே பலமுறை கூறியிருக்கிறார். அதே சமயம், மெஸ்ஸிக்கும் ரொனால்டோவுக்கும் பந்து கொண்டுவந்து கொடுத்தவர்கள் யார், சேத்ரிக்குக் கொடுத்தவர்கள் யார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பெங்களூரும் தமிழ்நாட்டுத் தொடர்பும்

2013இல் புதிதாகத் தொடங்கப்பட்ட பெங்களூரு எஃப்.சி. அவரைத் தலைவராக்கியது. முதல் பருவத்திலேயே ஐ-லீக் பட்டம், 2015-16இல் மீண்டும். 2016இல் ஏ.எஃப்.சி. கோப்பை இறுதி ஆட்டம் வரை போன முதல் இந்தியக் கழகம் அது. 2018-19இல் ஐ.எஸ்.எல். பட்டம். இடையில் 2015இல் மும்பை சிட்டிக்காக ஆடியபோது, ஐ.எஸ்.எல்.லில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியர் ஆனார்.

தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு 2018 மார்ச் 17 நினைவிருக்கும். பெங்களூரு கண்டீரவா அரங்கத்தில் ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம். சேத்ரி தொடக்கத்திலேயே தலையால் ஒரு கோல் அடித்தார். ஆனால் சென்னையின் எஃப்.சி. 3-2 என்று கோப்பையை எடுத்துக்கொண்டது. நடுக்களத்தில் வியாசர்பாடியின் தனபால் கணேஷ். சென்னை அணியின் தலைவர் என்ரிக்கே செரெனோ, ஒரு போர்ச்சுக்கீசியர்!

இன்னொரு தொடர்பு சிவசக்தி நாராயணன். காரைக்குடிக்கு அருகிலுள்ள கண்டனூர்க்காரர், ராமன் விஜயனின் கால்பந்துப் பள்ளியில் பயின்றவர். 2022 டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் மும்பை சிட்டிக்கு எதிராகக் கோல் அடித்தார், பெங்களூரு வென்றது. அந்தப் பருவத்தில் சிவசக்தி தொடக்க அணியில் ஆட, சேத்ரி பல ஆட்டங்களில் மாற்று வீரராக இறங்கினார். 2023 மார்ச் 18, கோவாவில் ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம். தொடங்கிய சில நிமிடங்களிலேயே சிவசக்தி காயம்பட்டு வெளியேற, அவர் இடத்தில் இறங்கியவர் சேத்ரி. பெனால்டியில் ஒரு கோலும் அடித்தார். 2-2 ஆன ஆட்டத்தை ஏ.டி.கே. மோகன் பகான் பெனால்டி உதையில் வென்றது.

அதற்கு இரண்டு வாரம் முன்பு நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விதியை அறியாமல் பலர் இன்றும் வாதிடுகிறார்கள். கேரளா பிளாஸ்டர்சுக்கு எதிரான ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் பெங்களூருக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது. எதிரணி தடுப்புச்சுவர் அமைக்கும் முன்பே சேத்ரி பந்தைக் கோலுக்குள் அனுப்பினார். கேரள அணி ஆட்டத்தை விட்டே வெளியேறியது. விதி என்ன? ஃப்ரீ கிக் பெற்ற அணி உடனே உதைக்கலாம். நடுவர் விசிலுக்குக் காத்திருக்கச் சொன்னால்தான் காத்திருக்க வேண்டும். சுவர் அமைக்க அவகாசம் பெறுவது தடுக்கும் அணியின் உரிமை அன்று. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கேரளத்தின் முறையீட்டை ஏற்கவில்லை. 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விதிப்படி கோல் செல்லும். அழகாக இருந்ததா என்றால், அது வேறு கேள்வி.

ஓய்வும் மீள்வரவும்

2024 ஜூன் 6இல் கொல்கத்தா சால்ட் லேக் அரங்கத்தில் குவைத்துக்கு எதிராக விடைபெறும் ஆட்டம். 0-0. ஐந்து நாள் கழித்து அவர் இல்லாத அணி கத்தாரிடம் தோற்று, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றிலிருந்து வெளியேறியது. 2024 முழுவதும் இந்திய ஆண்கள் அணி ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை.

2025 மார்ச்சில், பயிற்சியாளர் மனோலோ மார்க்கேசின் அழைப்பில், 40 வயது சேத்ரி மீண்டும் இந்தியச் சட்டை அணிந்தார். ஷில்லாங்கில் மாலத்தீவை 3-0 என்று வென்ற ஆட்டத்தில் தலையால் முட்டி 95ஆவது கோலை அடித்தார். 2023 நவம்பருக்குப் பிறகு இந்தியா பெற்ற முதல் வெற்றி அது. ரசிகர்கள் கொண்டாடினார்கள். எனக்கோ மகிழ்ச்சியோடு ஒரு கூச்சமும் இருந்தது. இத்தனை பெரிய நாட்டில் அந்த இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லையா?

கிடைக்காததற்குக் காரணம் மறைவானதல்ல. ஐ.எஸ்.எல். கழகங்கள் ஒரே நேரத்தில் நான்கு அயல்நாட்டவரைக் களத்தில் வைக்கலாம். அந்த நால்வரில் ஒருவர் பெரும்பாலும் நடு முன்கள வீரர்தான், கோல் உடனே வேண்டும் என்பதால். இந்திய முன்கள வீரர்கள் ஓரங்களுக்குத் தள்ளப்படுகிறார்கள், அல்லது மாற்று இருக்கையில் அமர்கிறார்கள். வாரந்தோறும் கோல் முன்னால் நிற்காதவர் நாட்டுக்காக நிற்கும்போது மட்டும் எப்படி அடிப்பார்? 2024இல் சேத்ரி விடைபெற்றபோது, அவருடன் அணியில் இருந்தவர்களில் பன்னாட்டுக் கோல் இருபதைத் தொட்டவர் ஒருவரும் இல்லை.

2024-25 ஐ.எஸ்.எல். பருவத்தில் இந்தியர்களில் அதிகக் கோல் அடித்தவர் சேத்ரியே: 14. 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்ற இந்தியா, 2027 ஆசியக் கோப்பைக்கான வாய்ப்பையும் இழந்தது.